நாலேகால் பஸ்

சண்முகவடிவுக்கு உட்காரத் தெரியாது. அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டில் டாக்டர் காசிராஜன் நடத்திய இருபது படுக்கை ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக நர்ஸாக இருந்தாள். அவளுக்கென்று போட்ட நாற்காலியில் எப்போதும் அவள் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். அவள் வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஊசி போட்டால் போட்டது தெரியாது. திட்டினால் ரோட்டில் போகிற மாட்டுவண்டி நிற்கும். நாற்பது வயதாகியும் அந்தக் கால்கள் ஓயவில்லை. ஓய்ந்தால் எதையாவது நினைக்க வேண்டியிருக்கும், அதற்கெல்லாம் யாருக்கு நேரமிருக்கிறது என்பாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் புரட்டாசி பிறந்தும் மழை இறங்கவில்லை. வானம் நாள் தவறாமல் இருட்டிக்கொண்டு வந்து, கரிசல்காட்டுச் சனத்தை எல்லாம் அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டு, வேர்க்க விட்டுப் போய்க்கொண்டிருந்தது. விதைப்பருத்தியை மூட்டையில் வைத்துக்கொண்டு எல்லாரும் நிலைகொள்ளாமல் கிடந்த அந்த நாளில்தான் டாக்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அதில் பதினொரு விலாசங்கள் இருந்தன. எல்லாரும் மதுரைக்குப் போய் அறுத்துக்கொண்டும், ஊரில் 'கரண்டு' என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்துக்கொண்டும் வந்த புற்றுநோய்க்காரர்கள். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்.

"வீட்டுல வச்சு எப்படிப் பாக்குறதுன்னு அவுகளுக்கு யாரு சொன்னா?" என்றார் டாக்டர். "ரெண்டு நர்ஸுகளை இதுக்குன்னே தயார் பண்ணுங்க. வீடு வீடாப் போகணும்."

"சாகப்போறவுகளுக்கு என்ன வைத்தியம் டாக்டர்? அதுக்கு என்னத்தைக் கத்துக்கொடுக்க?"

"வலி குறையணும். புண்ணு நாறக் கூடாது. வாயி காயக் கூடாது. ஆளு தனியாக் கெடக்கக் கூடாது. இந்த நாலுதான்."

"முத மூணும் ஒரு மாசத்துல கத்துக்கொடுத்துருவேன். நாலாவது என் வேலை இல்ல."

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க வார்டில் எல்லாருக்கும் திட்டு விழுந்தது.

படிக்க வந்தவர்கள் இரண்டு பேர். சந்தனம்மாள் டவுனில் எண்ணெய்க்கடைக்காரர் மகள், வாய் ஓயாது. மாரிக்கனி திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் களையெடுத்துக் கூலி வாங்கியே மகளைப் படிக்க வைத்த குடும்பத்துப் பெண், பத்துக் கேள்விக்கு ஒரு பதில் வரும். வடிவு இருவரையும் கசக்கிப் பிழிந்தாள். கரித்தூளை மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டிப் புண்கட்டின் மேல் வைத்தால் நாற்றத்தை இழுத்துக்கொள்ளும். இலவம்பஞ்சைப் பழைய சேலையில் சுற்றி வளையமாக்கிக் குதிகாலுக்கு அடியில் கொடுத்தால் படுக்கைப்புண் வராது. முதுகெலும்பில் நோய் இறங்கியவர்களைப் புரட்ட மூன்று பேர் வேண்டும். தலை, இடுப்பு, கால் மூன்றும் ஒரே மூச்சில், பலகையைத் திருப்புகிற மாதிரி திரும்ப வேண்டும். இதற்கெல்லாம் சந்தனம்மாளைத்தான் பலகையாகப் படுக்க வைத்தாள்.

முகத்துக்கும் பாடம் உண்டு. மூன்று நாள் ஊறிய கருவாட்டுத் தண்ணீரை ஒரு சட்டியில் வைத்து, அதன்மேல் குனிந்துகொண்டு, "சாப்பிட்டீகளா? ராத்திரி தூங்குனீகளா?" என்று முகம் மாறாமல் கேட்க வேண்டும். சந்தனம்மாள் முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் வாந்தி எடுத்தாள். மாரிக்கனி சட்டிக்குள் முகம் பார்க்கிறவளைப் போலக் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உனக்கு மட்டும் எப்படிடீ?" என்றாள் வடிவு.

"ஊரு உரக்கெடங்கு எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் சிஸ்டர். இந்த வாசத்துலதான் நான் கஞ்சி குடிச்சு வளந்தேன்."

வடிவுக்கு அவளைப் பிடித்துப்போனது. ஆனால் அதை வெளியில் சொல்கிற வழக்கம் அவளிடம் இல்லை.

பதினொரு விலாசத்தில் திருச்சுழி விலாசம்தான் தூரம். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற தனுஷ்கோடியின் மனைவி தங்கம்மாள், ஐம்பது வயது. மார்பில் கட்டி, மதுரையில் அறுத்து, கரண்டும் வைத்து, இப்போது நோய் முதுகெலும்புக்கு இறங்கி நடை விழுந்துவிட்டது. சந்தனம்மாளை டவுனுக்குள் இருக்கிற வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, வடிவு மாரிக்கனியைக் கூட்டிக்கொண்டு திங்கள், புதன், சனி அங்கே போய் வந்தாள். திரும்ப நாலேகால் பஸ். அதை விட்டால் ஏழு மணிக்குத்தான் அடுத்தது. வீடு பஸ் நிற்கிற முக்கிலேயே இருந்தது. ஆரன் சத்தம் கேட்டதும் கையைக் கழுவிப் பையைத் தூக்கினால் சரியாக இருக்கும். ஓட்டமாக ஓடி ஏறுவது வடிவுக்குப் பிடித்த காரியம்.

முதல் நாளே தனுஷ்கோடி இருவரையும் கடைக்குப் பின்னால் இருந்த சாமி அறைக்குக் கூட்டிப்போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அவளுக்கு இன்ன நோவுன்னு தெரியாது நர்ஸம்மா. கரண்டு வச்ச சூடு எலும்புல எறங்கியிருக்கு, ஆற ஆறு மாசமாகும்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் சொல்ல மாட்டோம்னு இந்த வெளக்கு மேல கையை வச்சுச் சத்தியம் பண்ணுங்க."

வடிவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. கையை வைத்தாள், மாரிக்கனியும் வைத்தாள். மறுநாள் வடிவு டாக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"குடும்பம் வேண்டாம்னா சொல்ல வேண்டாம். ஆனா பொய்யும் சொல்லாதீங்க," என்றார் அவர்.

"ரெண்டுக்கும் நடுவுல எங்கிட்டுப் போயி நிக்க?"

"அதைத்தான் நீங்க அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கணும்."

தங்கம்மாள் கெட்டிக்காரி. கடையில் கல்லாவில் உட்கார்ந்து ஊரையே எடை போட்டவள். மூன்றாம் நாளே 'நர்ஸம்மா'வை விட்டுவிட்டு, "ஏ வடிவு" என்று கூப்பிட ஆரம்பித்தாள். புண்ணைக் கட்டும்போது வலியை மறக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி அவளுடைய ஒரே மகள் ராமலட்சுமியில் வந்துதான் நிற்கும்.

ராமலட்சுமி மூன்று வருஷத்துக்கு முன்னால், காரியாபட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் உக்கிரபாண்டியைத் தானாகக் கல்யாணம் செய்துகொண்டாள். சாதி வேறு. தம்பதியாக வாசலில் வந்து நின்ற மகளைப் பார்த்துத் தங்கம்மாள் தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள்: "இனிமே என் சாவுக்குத்தான் நீ இந்த வாசலை மிதிக்கணும்." மகளும் அந்தத் தாய் பெற்றதுதான். அன்றைக்குத் திரும்பிப் போனவள், பையன் பிறந்ததற்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை, ஊரார் சொல்லித்தான் தெரிந்தது.

"கோவத்துல விட்ட வார்த்தை வடிவு. மூணு வருஷமா அது என் தொண்டையிலதான் நிக்கிது," என்பாள். "தை பொறக்கட்டும். எந்திரிச்சதும் நானே என் கால்ல நடந்து போயி அவளைக் கூப்பிடப்போறேன். நானாப் போயிக் கூப்பிட்டா, நான் சொன்ன சொல்லு செத்துப் போகும்ல?"

வடிவு "உம்" என்பாள். அந்த "உம்" பொய்யா இல்லையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கடைப்பக்கம் வந்து தனுஷ்கோடியிடம்தான் பாய்வாள். "மகளுக்கு ஆளு விடுங்க. நாளு இல்ல."

"எப்படி விட? மக வந்து வாசல்ல நின்னா, சாவு வந்துருச்சுன்னு அவளுக்கு நானே சொன்ன மாதிரி ஆயிருமே நர்ஸம்மா." அவர் பருப்பை அளந்துகொண்டே சொல்வார். கை நடுங்கிப் பருப்பு சிந்தும். பெண்டாட்டி மேல் அவருக்கு இருந்த பிரியம்தான் பெண்டாட்டிக்கும் மகளுக்கும் நடுவில் குறுக்கே படுத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் தாண்ட முடியவில்லை.

ஐப்பசி கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்குத் தங்கம்மாளின் கண் மஞ்சளாக இருந்தது. கால் வீங்கிப் பளபளத்தது. புரட்டும்போது மூச்சு எட்டவில்லை. வடிவு நகத்தைப் பார்த்தாள், காது மடலைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று. மாரிக்கனியும் அதையே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். முகம் இருவருக்கும் அசையவில்லை, படித்த பாடம் வீண் போகவில்லை. தங்கம்மாள் பேரனுக்கு அரைஞாண் கொடி எங்கே செய்யக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தாள். வெளியே ஆரன் அடித்தது. வடிவு கையைக் கழுவினாள், பையைத் தூக்கினாள், செருப்பை மாட்டினாள், ஓடினாள். பின்னாலேயே மாரிக்கனி.

பஸ் ஆனைக்குளத்து வளைவைத் தாண்டியபோது மாரிக்கனி மெதுவாகச் சொன்னாள். "சிஸ்டர், நம்ம சொல்லிக்கிடாம வந்துட்டோம்."

"என்னத்தை?"

"'வாரேன்'னு."

இந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவது துக்க வீட்டிலிருந்து மட்டும்தான். அங்கே 'வாரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். முகத்தைக் கட்டிப்போடச் சொல்லிக்கொடுத்தவள் காலைக் கட்டிப்போட மறந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறவள் வீட்டிலிருந்து, அவள் கண்ணெதிரே, துக்கம் கேட்டவர்களைப் போல இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"நிறுத்தச் சொல்லு. நான் எறங்குறேன்," என்று எழுந்தாள் வடிவு.

"திரும்பிப் போயிச் சொன்னா இன்னும் தப்பாப் போகும் சிஸ்டர்."

அதுவும் சரிதான். வடிவு உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருப்புக்கோட்டை வரை நின்றே வந்தாள். "எடம் கெடக்கே, உக்காருங்கம்மா" என்ற கண்டக்டரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. வீட்டைக் கூட்டினாள், மறுபடி கூட்டினாள். துவைத்த சேலையையே எடுத்துத் துவைத்தாள். தங்கம்மாள் கவனித்திருக்க மாட்டாள், மாத்திரை மயக்கத்தில் இருந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். கல்லாவில் உட்கார்ந்து அரைப்பலம் புளி குறைந்தாலும் கண்டுபிடித்தவள் கவனித்திருக்க மாட்டாளா என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை தனுஷ்கோடி கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா சொன்னீக அவகிட்ட? ரெண்டு நாளாச் சொவரைப் பாத்துக்கிட்டுக் கெடக்கா. ஒரு வாய்க் கஞ்சி எறங்கலை."

"ஒண்ணும் சொல்லலையே," என்றாள் வடிவு. அது சத்தியமான உண்மை. அதுதான் குற்றமும்.

தங்கம்மாள் திரும்பவில்லை. புருஷனைப் பார்த்து, "ஒரு சோடா வாங்கிட்டு வாங்க" என்றாள். அவர் போகும் சத்தம் அடங்கியதும்தான் முகத்தைத் திருப்பினாள்.

"வடிவு, சனிக்கிழமை சொல்லிக்கிடாமப் போயிட்டயே."

"பஸ்ஸு வந்துருச்சுக்கா. அவசரத்துல…"

"இந்தப் பிள்ளையும் சொல்லலை. ஒருத்தி மறந்தா மறதி. ரெண்டு பேரும் மறந்தா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க அய்யா செத்தன்னைக்கு இப்படித்தான் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாக. நான் மூலையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

வடிவு கால்பக்கத்துப் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"சரி, போகட்டும். இப்பச் சொல்லு. 'தைப்பொங்கலுக்கு வாரேன்க்கா'ன்னு சொல்லு. நீ சொன்னா நான் நம்பிக்கிறேன்."

வடிவு வாயைத் திறந்தாள். முகம் அப்படியே இருந்தது, கருவாட்டுச் சட்டிக்கு மேல் குனிந்த முகம். வார்த்தைதான் வரவில்லை. இரண்டே இரண்டு சொல். ஆயிரம் பேருக்கு 'ஒண்ணும் செய்யாது' என்று சொல்லி ஊசி போட்டவளுக்கு அந்த இரண்டு சொல் வரவில்லை. மாரிக்கனி பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல் பிய்த்தாள். வடிவின் கால்கள் வாசலைப் பார்த்துத் திரும்பின. அவள் அவற்றைப் போக விடவில்லை. கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"வெளக்கு மேல சத்தியம் பண்ணிருக்கேன்க்கா. என்னைக் கேக்காதீக," என்றாள்.

"சரி. கேக்கலை." தங்கம்மாள் மேலே பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. வடிவு துடைத்தாள், மறுபடி இறங்கியது, மறுபடி துடைத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவளுக்கும் அழுகை வந்தது, முகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை எல்லாம் மறந்து அழுதாள். ஆரன் இரண்டு தரம் அடித்துவிட்டு பஸ் போய்விட்டது.

"அந்த மனுசனைத் திட்டாத வடிவு," என்றாள் தங்கம்மாள் கடைசியாக. "அவுகளுக்கு என்னை விட்டா ஆளில்லை. அந்தப் பயம்." பிறகு குரல் மாறியது, பழைய கல்லாக் குரல். "எம் மக இந்த வாசலை மிதிச்சா நான் சொன்ன சொல்லு பலிச்சதா ஆயிரும். அந்தப் பழி அவளுக்கு வேண்டாம். நானே வாசலைத் தாண்டி வெளிய போயி அவளைக் கூப்பிடுறேன். என்னைத் தூக்கிக்கிட்டுப் போங்க."

சோடாவோடு வந்து நின்ற தனுஷ்கோடி பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார். "கட்டிலோட தூக்கி வெளிய கொண்டுபோறதா? உசுரோட இருக்கவளையா? என்ன பேச்சுத் தாயி இது!"

"பொணத்தைத்தான் கால் முன்னாடி போகத் தூக்குவாக. எனக்குத் தலை முன்னாடி போகட்டும்," என்றாள் தங்கம்மாள். தனுஷ்கோடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி தாயி" என்றார்.

மறுநாள் காலையில் வடிவு காரியாபட்டியில் இறங்கினாள். ராமலட்சுமி சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் இடுப்பில் பையனை வைத்துக்கொண்டு நின்றாள். அதே நெற்றி, அதே நாடி. எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"நான் வரலை. என் சாவுக்கு வான்னு சொன்னாக. நான் போனா அவுகளைச் சாகச் சொன்ன மாதிரி. நானே மண்ணு அள்ளிப் போடவா?"

"நீ வாசலை மிதிக்க வேண்டாம்மா. அவுக வெளிய வாராக, உன்னைக் கூப்பிட."

"நடக்குறாகளா?"

"இல்ல. நாங்க தூக்கிட்டு வாரோம்."

ராமலட்சுமி பையனை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். பிறகு உள்ளே திரும்பி, "கடையைச் சாத்துங்க" என்று புருஷனுக்குக் குரல் கொடுத்துவிட்டு, கட்டின சேலையோடு நடக்க ஆரம்பித்தாள்.

பிற்பகலில் தங்கம்மாளுக்கு வலி ஊசி போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். சந்தனம்மாளும் வந்திருந்தாள். நார்க்கட்டில் தொய்ந்தால் முதுகு தாங்காது என்று, கடையைச் சாத்துகிற பலகையில் இரண்டை எடுத்துக் கட்டிலில் போட்டு, மேலே மெத்தை விரித்தார்கள். தலைமாட்டில் வடிவும் மாரிக்கனியும், கால்மாட்டில் சந்தனம்மாளும் தனுஷ்கோடியும். "ஒரே மூச்சு," என்றாள் வடிவு. கட்டில் எழுந்தது. தலை முன்னால் போக, வாசலைத் தாண்டியது.

தெரு என்ன கண்டது? தனுஷ்கோடி வீட்டிலிருந்து நாலு பேர் தூக்கி ஒரு கட்டில் வெளியே வருகிறது, அவ்வளவுதான். எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் ஓடிவந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "அடி எங்க தங்கமே" என்று எடுத்துவிட்டாள்.

தங்கம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஏண்டி மூக்கு, உசுரோட இருக்கவளுக்கா ஒப்பாரி வைக்கிற? கூந்தலை முடிடீ."

மூக்கம்மாள் பாதி ராகத்தில் நின்றாள். தெருவில் ஒருத்தர் சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் விஷயம் புரிந்து அமைதியானார்கள்.

பஸ் முக்கில் ராமலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கட்டிலை அவள் முன்னால் இறக்கினார்கள். தங்கம்மாள் மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்தாள்.

"ராமலட்சுமி, நான் வந்து கூப்பிடுறேன். நம்ம வீட்டுக்கு வா."

மகள் பையனோடு கட்டில் சட்டத்தின் மேல் அப்படியே விழுந்தாள். தாயும் மகளும் என்ன பேசினார்கள் என்பது அழுகையில் ஒருவருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கம்மாளின் கண் கூட்டத்துக்குப் பின்னால் போனது. அங்கே உக்கிரபாண்டி, வரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உங்களையும்தான் கூப்பிடுறேன் மாப்பிள்ளை. வாங்க. திரும்பிப் போகையில தூக்க ஒரு ஆம்பளை வேணும், இவுகளுக்குக் கை நடுங்குது."

திரும்பும்போது கால்மாட்டில் மாப்பிள்ளை பிடித்தான். கட்டிலுக்குப் பின்னால், தாய் கூப்பிட்டு, மகள் வாசலை மிதித்தாள்.

அன்றைக்குக் கிளம்பும்போது வடிவு கட்டிலருகே வந்து நின்றாள். "நாளைக்கு வாரேன்க்கா."

தை இல்லை, நாளை. அதை அவளால் சொல்ல முடிந்தது. தங்கம்மாள் அந்தச் சொல்லை எடை போடுகிறவளைப் போலப் பார்த்துவிட்டு, "வா" என்றாள்.

அதன்பிறகு முறை நாள் என்று ஒன்றில்லை, தினமும் போனாள். கிளம்பும்போது "நாளைக்கு வாரேன்க்கா", கட்டிலிலிருந்து "வா". ஒரு நாள் தப்பவில்லை. ராமலட்சுமி புண் கட்டவும் வாய் துடைக்கவும் மாரிக்கனியிடம் கற்றுக்கொண்டாள். பேரன் பஞ்சு வளையத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினான். தனுஷ்கோடி பாதி நாள் கடையை விட்டுவிட்டுக் கட்டிலருகில் வந்து உட்கார்ந்தார், பொய் சொல்கிற வேலை போனதில் அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது. கார்த்திகையில் மழை இறங்கியது. பஸ் கரிசல் சேற்றைச் சுமந்துகொண்டு ஒரு நேரம் போல ஒரு நேரம் வராமல் வந்தது.

பதினொன்றாம் நாள் தங்கம்மாள் அதிகம் கண் திறக்கவில்லை. வலி இல்லை, மூச்சு மட்டும் நீளமாக விட்டு விட்டு வந்தது. வடிவு உதட்டை நனைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள், தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். ஆரன் அடித்தது. குனிந்து காதருகில், "நாளைக்கு வாரேன்க்கா" என்றாள்.

தங்கம்மாளின் உதடு அசைந்தது. வழக்கமான "வா" இல்லை.

"நானும் வாரேன் வடிவு."

"சரிக்கா," என்று சொல்லிவிட்டு வடிவு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். பஸ் படியில் ஒரு கால் வைத்தாயிற்று. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிளம்புகிறவர்கள்தானே அதைச் சொல்வார்கள். வீட்டிலேயே இருக்கிறவர்கள் சொல்வதில்லையே.

"ஏறுங்க சிஸ்டர்," என்றாள் ஏற்கெனவே ஏறியிருந்த மாரிக்கனி.

"நீ போ. டாக்டர்ட்டச் சொல்லு, நான் இங்க இருக்கேன்னு."

வடிவு காலைக் கீழே எடுத்து வைத்தாள். சேற்றில் நடந்து திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, ராமலட்சுமி தலைமாட்டில் இருந்ததால் கால்மாட்டில் இடம் பிடித்துக் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். தங்கம்மாளின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தங்கம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"என்ன, பஸ்ஸை விட்டுட்டயா?"

"விட்டுட்டேன்க்கா," என்றாள் வடிவு.